மண்ணடி கார்பன் பிரஷ் கடையும் செத்துப் பொழைச்ச என் பாலிஷ் மிஷினும்

மொதல்ல மார்க்க சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலரை. அந்த அரை எங்க போச்சுன்றது கடைசில வரும்.

கடை எங்கன்னா மண்ணடி, லிங்கி செட்டி தெருவுலேருந்து உள்ள பிரியுற ஒரு சந்து, எதிர்ல ஒரு ஆள் மூட்டையோட வந்தா நாம செவுத்தோட ஒட்டிக்கணும், அந்த அளவு சந்து. அதுல எட்டுக்கு ஆறடி இருந்தா அதிகம், அப்படி ஒரு கடை. போர்டு இருக்கு, ஆனா எழுத்தெல்லாம் வெயில்ல போயிடுச்சு, பில் புக்கும் கெடையாது, அதனால பேரு எழுத எனக்கே தெரியல, எல்லாரும் பாய் கடைன்னு தான் சொல்றாங்க, அந்த ஏரியால பாய் கடைன்னு கேட்டா நூறு கடை காட்டுவாங்கன்றது வேற விஷயம். உள்ள செவுரு முழுக்க சின்ன சின்ன பிளாஸ்டிக் டப்பா, ஒவ்வொரு டப்பா மேலயும் ஒரு கார்பன ஒட்டி வச்சிருக்காரு, உள்ள என்ன சைஸ்னு தெரியறதுக்கு. விக்கிறது அது ஒண்ணே ஒண்ணு தான், மோட்டாருக்கு போடுற கார்பன் பிரஷ். டிரில்லிங் மிஷின், இரும்பு தேய்க்கிற ஆங்கிள் கிரைண்டர், மார்பிள் கட்டர், மிக்ஸி, தையல் மிஷின் மோட்டார், எதுக்கு கேட்டாலும் எடுத்து குடுக்கிறாரு.

நான் தாம்பரம் பக்கம் சின்னதா வாட்டர் வாஷ் வச்சிருக்கேன். ரப்பிங் பாலிஷும் உண்டு, வாரத்துக்கு ரெண்டு கார், பொங்கல் தீபாவளி நேரத்துல மூணு நாலு வரும். மிஷின் 180 எம்எம் ரோட்டரி, 1200 வாட்ஸ், டயல திருப்பினா 600லேருந்து 3000 ஆர்பிஎம் வரைக்கும் போகும். கம்பெனி பேரு வேணாம், நடந்ததுல மிஷின் மேல ஒரு தப்பும் இல்ல, பேர போட்டா நான் அவங்கள திட்டுற மாதிரி ஆயிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கருப்பு கலர் ஐ20, பானெட் பாதி முடிச்சாச்சு. கருப்பு வண்டி செஞ்சவங்களுக்கு தெரியும், பாதில நிறுத்தினா நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும், ஒரு பக்கம் மூஞ்சி தெரியும் இன்னொரு பக்கம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அப்பதான் மிஷின் நின்னுச்சு. பொகை இல்ல, கருகுற வாசன இல்ல, வேகம் கொறைஞ்சு கொறைஞ்சு நிக்கல, ஓடிட்டே இருந்துச்சு அப்படியே செத்துடுச்சு. நம்ம பையன் "அண்ணே கரண்ட் போச்சா"ன்னு பம்ப் ஸ்விட்ச்ச போட்டு பார்க்கிறான், பம்ப் ஓடுது. வேற பிளக்குல போட்டோம், வயர ஆட்டி பார்த்தோம், ஸ்விட்ச்ச தட்டினோம், கொஞ்ச நேரம் ஆற வச்சும் பார்த்தோம், ம்ஹூம். மீதி பானெட்ட ரெண்டு பேரும் கையால தேச்சு முடிக்கிறதுக்குள்ள தோள்பட்ட கழண்டுடுச்சு.

திங்கட்கிழமை ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டு போனேன். எந்த சர்வீஸ் சென்டர்னு சொல்ல மாட்டேன். கவுன்டர்ல இருந்தவரு பிளக் பண்ணி பார்த்தாரு, ஓடல, மீட்டர எடுத்து பிளக்கோட ரெண்டு பின்னுலயும் வச்சு ஸ்விட்ச்ச அமுக்கினாரு, மீட்டர்ல ஒண்ணும் வரல. அவ்ளோதான், "சார் ஆர்மேச்சர் போயிடுச்சு, 2,850 ஆகும், ஜிஎஸ்டி தனி, ஸ்பேர் வர பத்து நாள்". ஆர்மேச்சர்னா மோட்டார் உள்ள சுத்துற காயில். ஒரு ஸ்க்ரூ கூட கழட்டல. நான் வாங்குன மிஷினே ஆறாயிரத்து சொச்சம், அதுல பாதிய குடுக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு புதுசே வாங்கிடலாமான்னு யோசிச்சேன், அதத்தான் அவங்களும் எதிர்பார்க்கிறாங்களோன்னு இப்ப தோணுது. பக்கத்துல டிங்கரிங் பட்டறை வச்சிருக்கிற அண்ணன் தான் "ஏய் இரு, மண்ணடில ஒரு ஆளு இருக்காரு, அவரு சொன்னா தான் அது செத்துச்சுன்னு அர்த்தம்"னு அனுப்பி வச்சாரு.

போனதும் பாய் கேட்ட மொத கேள்வி இது தான். "எரிஞ்ச வாசன வந்துச்சா தம்பி?"

"இல்ல பாய்."

"அப்ப ஏன் சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற, குடு இப்படி."

மோட்டார் பாடில ரெண்டு பக்கமும் எதிரெதிர கருப்பு கலர்ல ரெண்டு மூடி இருக்கும், சட்ட பட்டன் சைஸ்ல, நடுவுல ஒரு வெட்டு. நான் அத இத்தன நாளா டிசைன்னு நெனச்சிட்டு இருந்தேன், சத்தியமா. எங்கிட்ட இருந்த டெஸ்டர எடுத்து நீட்டினேன், "அத உள்ள வை, அந்த சின்ன மூக்க வச்சு திருப்பினா மூடி வெட்டு ஒடஞ்சிடும், அப்புறம் அத கழட்ட நீ அழுவ"ன்னு சொல்லிட்டு அகலமா வாய் இருக்கிற திருப்புளிய எடுத்தாரு. மூடி கழண்டதும் உள்ளேருந்து ஒரு பித்தள தகடு, ஸ்பிரிங்கோட எட்டி பார்க்குது. அத புடிச்சு மெதுவா இழுத்தா கடைசில சின்னதா ஒரு கருப்பு கட்டி. சுண்டு விரல் நகம் அளவு கூட இல்ல. உள்ளங்கைல வச்சு காட்டினாரு, கட்டியோட முன் பக்கம் நடுவுல ஒரு சின்ன குச்சி மாதிரி ஒண்ணு வெளிய நீட்டிட்டு நிக்குது.

"இத பாரு, மூக்க நீட்டிட்டு நிக்குதா, இவன் தான் உன் மிஷின நிறுத்துனவன். கெட்டவன் இல்ல, நல்லவன்."

அதுக்கு அப்புறம் அவரு சொன்னத என் பாஷைல சொல்றேன். இந்த மாதிரி மோட்டார்ல வெளிய நிக்கிற ஃபீல்டு காயிலும் உள்ள சுத்துற ஆர்மேச்சரும் ஒரே சீரியல் லைன். சுத்துற பொருளுக்கு வயர் இழுத்து கட்ட முடியாது, முறுக்கிட்டு போயிடும், அதனால ஆர்மேச்சர் நுனில செம்பு பட்டை பட்டையா இருக்கிற கம்யூட்டேட்டர் மேல இந்த ரெண்டு கார்பனும் ஸ்பிரிங் அழுத்தத்துல ஒரசிட்டே நின்னு கரண்ட குடுக்கும். ஒரசினா தேயும், தேயுறதுக்கு தான் அத போட்டிருக்காங்க, செம்பு தேயக்கூடாது கார்பன் தேயணும், பென்சில் முனை மாதிரி. ரெண்டுல ஒண்ணு தொடலைன்னாலும் மொத்த லைனும் கட், மாரியம்மன் கோயில் சீரியல் லைட்ல ஒரு பல்பு போனா மொத்த சரமும் அணைஞ்சு போற கதை தான். நல்ல கம்பெனி கார்பன்ல உள்ள ஒரு துளை போட்டு அதுக்குள்ள குட்டி ஸ்பிரிங்கோட கரண்ட் கடத்தாத ஒரு ஊசி வச்சிருப்பாங்க, கட்டி நீளமா இருக்கிற வரைக்கும் ஊசி உள்ளயே இருக்கும், தேஞ்சு ஒரு அளவுக்கு கீழ வந்ததும் ஊசி வெளிய வந்து கார்பன கம்யூட்டேட்டர விட்டு தூக்கிடும். மிஷின் உடனே நிக்கும். ஆட்டோ ஸ்டாப்னு சொல்றாங்க. அதனால தான் வாசன இல்லாம பொகை இல்லாம சட்டுன்னு நின்னுச்சு.

அப்ப சர்வீஸ் சென்டர் மீட்டர் ஏன் ஒண்ணும் காட்டலன்னு கேட்டேன். பாய் சிரிச்சாரு. ஸ்பீடு டயல் இருக்கிற மிஷின்ல உள்ள ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கும், அதுல ட்ரையாக்னு ஒரு சாமான் கரண்ட வெட்டி வெட்டி விடும், மீட்டரோட பேட்டரி கரண்டுக்கு அது தொறக்காது, அதனால நல்லா ஓடுற மிஷினோட பிளக்குல மீட்டர வச்சாலும் அப்படித்தான் காட்டும். அத வச்சு ஆர்மேச்சர் போச்சுன்னு சொல்றது, டாக்டர் பேஷன்ட்டோட சட்டைய தொட்டு பார்த்துட்டு ஜொரம் இல்லைன்னு சொல்ற மாதிரி. பாக்கணும்னா ரெண்டு பக்க கார்பன் ஹோல்டர்ல மீட்டர வச்சு பாக்கணும், அதுவும் கார்பன் செம்ப தொட்டுட்டு இருக்கணும்.

விலை ரெண்டு சொன்னாரு. லோக்கல் ஜோடி 70, கம்பெனி ஒரிஜினல் 320. ஒரிஜினல் கட்டி மேல நம்பர் அச்சு இருக்கும், மகிட்டா கார்பன்ல சிபி போட்டு ஒரு நம்பர் வர்ற மாதிரி, ஊசியும் இருக்கும். லோக்கல்ல நம்பரும் இல்ல ஊசியும் இல்ல. பாய் "தம்பி பெருச எடுத்துக்க"ன்னு தான் சொன்னாரு. இந்த இடத்துல என் புத்திய பாருங்க, 2,850 மிச்சம் ஆன சந்தோஷத்துல இருக்கிறவன் இன்னொரு 250ஐயும் மிச்சம் புடிக்கலாம்னு 70 ரூபா ஜோடிய வாங்கினேன். அவரே மாட்டி விட்டாரு, கூலி வாங்கல, பிளக் போட்டதும் மிஷின் உர்ர்னு ஓடுச்சு, சந்துல போறவங்க எல்லாம் திரும்பி பார்த்தாங்க. எனக்கு பெத்த புள்ள ஐசியூலேருந்து வந்த மாதிரி.

ஆறே வாரம். மொதல்ல வெண்ட் ஓட்ட வழியா பார்த்தா உள்ள நீலமா குட்டி பொறி தெரிஞ்சுச்சு, அது சகஜம் தான், எந்த மிஷின்லயும் கொஞ்சம் இருக்கும். அப்புறம் நீலம் ஆரஞ்சு ஆச்சு. அப்புறம் சுத்தி மோதிரம் போட்ட மாதிரி நெருப்பு வளையம். இப்ப ஒரு மாதிரி வாசன வேற, வெல்டிங் பட்டறைல அடிக்குமே அந்த மாதிரி. லோடு குடுத்தா இழுக்குது விடுது இழுக்குது விடுது. நானே மூடிய கழட்டி பார்த்தேன் (அகலமான திருப்புளி வாங்கி வச்சாச்சு), கார்பன் மூணு மில்லி தான் மிச்சம், ஆறு வாரத்துல. ஊசி இல்லாததால நிறுத்துறதுக்கு ஆள் இல்ல, இன்னும் ரெண்டு கார் செஞ்சிருந்தா ஸ்பிரிங்கே போய் செம்புல கீறி இருக்கும்.

ரெண்டாவது தடவ போனப்ப பாய் திட்டல, அதுதான் ரொம்ப வலிச்சுச்சு. மிஷின முழுசா பிரிச்சு ஆர்மேச்சர வெளிய எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பி திருப்பி பார்த்தாரு. நல்லா ஓடுன கம்யூட்டேட்டர் மேல சாக்லேட் கலர்ல ஒரு படலம் இருக்கணுமாம், பளபளன்னு செம்பு கலர்ல இருக்கணும்னு நாம நெனைக்கிறது தப்பு, அந்த படலம் தான் ஒரசல கொறைக்குது, அத தேச்சு எடுக்கிறவன் முட்டாள்னு சொன்னாரு. என்னோடதுல படலம் இல்ல, கரி இருந்துச்சு, நடுவுல தேஞ்சு ஒரு பள்ளம் மாதிரி வேற விழுந்திருந்துச்சு, நகத்த வச்சு குறுக்க ஓட்டினா தட்டுது.

ரெண்டு கடை தள்ளி அவருக்கு தெரிஞ்ச ஒரு காயில் கட்டுற கடைக்கு கூட்டிட்டு போனாரு. அங்க பார்த்தது ஒண்ணு, அத சொல்லாம இருக்க முடியல. க்ரோலர்னு ஒரு சாமான், மேல வி மாதிரி பள்ளம் இருக்கிற ஒரு காந்தம்னு வச்சுக்குங்க, கரண்ட் குடுத்தா ம்ம்ம்னு முனகும். அந்த பள்ளத்துல ஆர்மேச்சர படுக்க வச்சு மேல ஒரு ஹேக்சா பிளேட நீளவாக்குல வச்சு புடிச்சிட்டு ஆர்மேச்சர மெதுவா உருட்டினாரு அந்த பெரியவரு. உள்ள எந்த காயிலாவது ஷார்ட் ஆகி இருந்தா அந்த எடம் வரும்போது பிளேடு டர்ர்ர்னு துடிக்கும், எழும்பி ஒட்டிக்கும். நான் மூச்ச புடிச்சிட்டு நிக்கிறேன், ஒரு சுத்து வந்துச்சு, பிளேடு சும்மா கெடந்துச்சு. "காயில் நல்லா இருக்கு"ன்னு ஒத்த வார்த்த. அப்புறம் கம்யூட்டேட்டர லேத்துல மாட்டி ரொம்ப மெல்லிசா ஒரு கட்டிங், செம்பு சுருள் தலமுடி மாதிரி வந்து விழுந்துச்சு. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல கரண்ட் கடத்தாம தடுக்கிற மைக்காவ ஒடஞ்ச ஹேக்சா பிளேடு துண்டால சொரண்டி செம்ப விட கொஞ்சூண்டு கீழ இறக்கினாரு, இல்லைன்னா செம்பு தேயும்போது மைக்கா மேடாகி கார்பன் அதுல தட்டி குதிக்குமாம், குதிச்சா பொறி. அதுக்கு 250 வாங்கினாரு. அங்க ஒரு சின்ன பையன் எம்ரி பேப்பர எடுத்து நீட்டினான், பெரியவரு பட்டுன்னு கைய தட்டி விட்டாரு, எம்ரி தூளு கரண்ட கடத்தும், பட்டை நடுவுல போய் உக்காந்தா மறுபடி ஷார்ட், சாதா சாண்ட் பேப்பர்ல நைஸா இருக்கிறது தான் ஆகும்னு.

ஆக 70 ரூபா ஜோடி எனக்கு 70 ப்ளஸ் 250 ப்ளஸ் கடைசில வாங்குன ஒரிஜினல் 320, அது போக ஒரு நாள் பொழப்பு. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

ஒரிஜினல் போட்டு எட்டு மாசம் ஆகுது. புதுசுல 16 மில்லி இருந்துச்சு, போன வாரம் வெர்னியர் வச்சு அளந்தேன், ஒண்ணு 10, இன்னொண்ணு 10க்கு கொஞ்சம் மேல. பொறி கண்ணுக்கே தெரியல, ராத்திரி லைட்ட அணச்சிட்டு பார்த்தா மட்டும் ஊசி முனை மாதிரி நீலமா தெரியும். அஞ்சாறு மில்லி வந்ததும் மாத்திடுவேன், ஊசி வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன், கருப்பு காருக்கு நடுவுல நிக்கிற அனுபவம் ஒரு தடவ போதும்.

நடுவுல ஆன்லைன்லயும் ஒரு கூத்து பண்ணேன். அஞ்சு ஜோடி பாக்கெட் 199, ஃபோட்டோல அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சு, ஸ்பேர் வச்சுக்கலாமேன்னு ஆர்டர் பண்ணேன். வந்தது கால் மில்லி தடிமன் அதிகம். கால் மில்லி தானேன்னு விட்டுடாதீங்க, ஹோல்டர்குள்ள கார்பன் தன் வெயிட்டுலயே வழுக்கிட்டு எறங்கணும், அது தான் டெஸ்ட், கைவிட்டு அமுக்கி தான் போகுதுன்னா சூடானதும் ஹோல்டர்ல சிக்கிக்கும், தேஞ்சாலும் கீழ எறங்காது, ஸ்பிரிங் தள்ளி தள்ளி பார்த்துட்டு சும்மா இருக்கும், மிஷின் விட்டு விட்டு ஓடும். அதுக்காக லூஸா இருக்கவும் கூடாது, ஆடினா பொறி. தடிமன் அதிகமா இருந்தா சாண்ட் பேப்பர்ல ஒரசி போடுற பழக்கம் நெறைய மெக்கானிக் கிட்ட உண்டு, நானும் ஒரு ஜோடிய ஒரசி பார்த்தேன், நாலு பக்கமும் ஒரே மட்டமா வர்றது கையால நடக்கிற காரியம் இல்ல. அஞ்சு ஜோடியும் டிராயர்ல தூங்குது, ஸ்டார் கணக்குல சொன்னா ஒண்ணு, அதுவும் பாக்கெட் நல்லா இருந்துச்சுன்றதுக்கு.

இத விட மோசமானது எனக்கு தெரிஞ்ச ஒரு பட்டறைக்காரர் பண்ணது. புதுப்பேட்டைல கார் ஸ்டார்ட்டர் மோட்டார் கார்பன் சீப்பா கெடச்சுதுன்னு அத ஒரசி கிரைண்டருக்கு போட்டுட்டாரு. ஸ்டார்ட்டர் கார்பன பாத்திருப்பீங்க, செம்பு கலந்து செவப்பா மின்னும், அது 12 வோல்ட்டுக்கு, அங்க வோல்ட்டேஜ் கம்மி ஆம்பியர் ஜாஸ்தி, அதனால கரண்ட தடையே இல்லாம விடணும். 230 வோல்ட் மிஷின்ல நெலம தலகீழ், கார்பன் ஒரு பட்டைலேருந்து அடுத்த பட்டைக்கு மாறுற அந்த நொடில ரெண்டு பட்டையையும் சேர்த்து ஷார்ட் பண்ணுது, அப்ப கார்பன்லயே கொஞ்சம் தடை இருந்தா தான் அந்த சுத்து கரண்ட் அடங்கும். செம்பு கட்டிய போட்டா அடங்காது, பொறி தான். அவரு ஆர்மேச்சரே போச்சு. பாய் கிட்ட இத சொன்னப்ப "இட்லிக்கு தோச கல்ல வச்சான்"னு ஒரே வரில முடிச்சிட்டாரு. கருப்பா இருக்கிறதெல்லாம் ஒரே கார்பன் இல்லன்னு எனக்கே அன்னிக்கு தான் புரிஞ்சுது. அப்புறம் இந்த கட்டிக்கு ஏன் பிரஷ்னு பேருன்னு ரொம்ப நாள் டவுட்டு, ஆரம்ப கால மோட்டார்ல எல்லாம் நெஜமாவே செம்பு கம்பிய கட்டு கட்டி தொடப்பம் மாதிரி வச்சு தான் ஒரச விட்டாங்களாம், 1880கள்ல தான் கார்பன் கட்டி வந்துச்சு, பொருள் மாறிடுச்சு பேரு ஒட்டிக்கிச்சு.

சரி, மாட்டுறது எப்படின்னா அது ரெண்டு நிமிஷ வேல, யூடியூப் தேவையே இல்ல. பிளக்க புடுங்கிடுங்க, ஸ்விட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. மூடி கழட்டும்போது ஒரு விரல மேல வச்சுக்குங்க, இல்லைன்னா ஸ்பிரிங் தெறிச்சு டிரெயினேஜ் பக்கம் போயிடும், எனக்கு போச்சு. பழச திரும்ப போடுறதா இருந்தா எந்த பக்கம் எந்த வாக்குல இருந்துச்சோ அப்படியே போடணும், முனைல கம்யூட்டேட்டர் வளைவுக்கு ஏத்த மாதிரி குழிவு விழுந்திருக்கும், திருப்பி போட்டா ஓரம் மட்டும் தொடும். புதுசு போட்டா ரெண்டையும் சேர்த்து தான் மாத்தணும், ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு ஆகவே ஆகாது. மாட்டின ஒடனே கார் மேல வைக்காதீங்க, பேட் இல்லாம டயல் ரெண்டுல வச்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடுங்க, தட்டையா இருக்கிற முனை வளைஞ்சு உக்கார்ற வரைக்கும் பொறி வரத்தான் செய்யும், கொஞ்ச கொஞ்சமா அடங்கிடும். சில மிஷின்ல வெளிய மூடி இருக்காது, பின்பக்க கவர கழட்டி உள்ள சுருள் ஸ்பிரிங்க நிமித்தி தான் எடுக்கணும், அது கொஞ்சம் கை பழக்கம் வேணும், மொத தடவ பாய் கிட்டயே குடுத்துடுங்க.

பாலிஷ் மிஷின்ல மட்டும் ஒரு தனி தொல்ல உண்டு, கிரைண்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இது இல்ல. வூல் பேட் போட்டு ஓட்டினா பஞ்சு பறக்கும், காஞ்ச காம்பவுண்ட் (பாலிஷ் பேஸ்ட்) தூளும் பறக்கும், ரெண்டையும் மிஷின் ஃபேன் உள்ள இழுத்து கார்பன் ஹோல்டர்ல மாவு மாதிரி அப்பி வச்சிடும். இன்னொண்ணு, அந்த ஃபேன் ஆர்மேச்சரோட தண்டுலயே தான் இருக்கு, மோட்டார் மெதுவா சுத்தினா காத்தும் கம்மி. பாலிஷ்காரன் என்ன பண்றான், டயல ஒண்ணு ரெண்டுல வச்சுட்டு ஒடம்பு வெயிட்ட போட்டு அமுக்குறான், சூடு ஏறுது காத்து இல்ல. நான் இப்ப ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் மிஷின தூக்கி ஃபுல் ஸ்பீடுல ஒரு நிமிஷம் காத்துல ஓட விடறேன், சாயந்தரம் கம்ப்ரெஸர் காத்த ஒரு அடி தள்ளி புடிச்சு வெண்ட்ல அடிக்கிறேன், கண்ணாடி போட்டுக்கணும், ஒரு தடவ போடாம அடிச்சு கரி மூஞ்சோட வீட்டுக்கு போனேன், பொண்ணு பயந்துட்டா. பையனுக்கும் சொல்லி வச்சிருக்கேன், ஆனா அவன் நான் பாத்தா தான் செய்யறான்.

பிரஷ்லெஸ் மிஷின் வாங்கிட்டா இந்த தலவலியே இல்லையேன்னு ஒரு கஸ்டமர் சொன்னாரு. உண்மை தான், அதுல கார்பனே கெடையாது. விலைய பார்த்துட்டு மூடி வச்சிட்டேன்.

இப்ப அந்த அரை மார்க். வண்டி எடுத்துட்டு போனீங்கன்னா செத்தீங்க, பார்க்கிங் அந்த ஏரியால கனவுல கூட கெடையாது, நான் மொத தடவ பைக்க ஒரு குடோன் வாசல்ல விட்டுட்டு வந்து பார்த்தா லோடு வண்டிக்காரன் அத தூக்கி எதிர் செவுத்துல சாச்சு வச்சிருந்தான். மெட்ரோல போங்க, மண்ணடி ஸ்டேஷன்லயே எறங்கி நடந்துடலாம், மிஷின கோணி பைல போட்டா செக்யூரிட்டி ஸ்கேன்ல ஒரு தடவ தொறந்து காட்ட சொல்லுவாங்க அவ்ளோதான். வெள்ளிக்கிழமை பன்னெண்டரைலேருந்து ரெண்டரை வரைக்கும் ஜும்மா, ஷட்டர் பாதி எறங்கி இருக்கும். வாங்குன கார்பன திருப்பி எடுக்க மாட்டாரு, அதனால பழச கையோட கொண்டு போங்க, ஃபோன்ல ஃபோட்டோ காட்டினா "ஃபோட்டோவுக்கு ஃபோட்டோ தான் குடுப்பேன்"னு சொல்றாரு. ஜிபே ஸ்டிக்கர் ஒட்டி இருக்கு, ஆனா அது மவன் ஃபோனுக்கு போகும், மவன் கடைல இல்லைன்னா காசு வந்துச்சான்னு அவருக்கு தெரியாது, நான் போன ரெண்டு தடவையும் மவன் இல்ல. ரெண்டாவது தடவ என் கைல ஐநூறு ரூபா நோட்டு, அவர்கிட்ட சில்லற இல்ல, 180 ரூபாவுக்கு பதிலா மிக்ஸி கார்பன் ரெண்டு ஜோடிய கைல திணிச்சிட்டு மீதிக்கு டீ சொல்லிட்டாரு. வீட்டு மிக்ஸிக்கு அது சேரல.